நாலெழுத்து

நாலெழுத்துப் படித்தவள் என்று
என் தலையில் கட்டினார்கள் அந்த வேலையை.
ஆலய அலுவலகத்தில் பதினோரு வருடம்
ஞானஸ்நானச் சான்றிதழ், மீன் விருந்துக் கணக்கு,
இறந்தவர் பட்டியல் என்று தட்டிய விரல்கள்.
"பெர்னடீன், வெள்ளிக்குள் வேண்டும்,
பன்னிரண்டு பிரதி" என்றாள் திருமதி ஓல்ஷெவ்ஸ்கி,
தன் மகன் மெத்தைக்கடியில் அகப்பட்ட கேசட்டை
செத்த எலியை வாலில் தூக்குவதுபோல் நீட்டி.

டொலீடோ, எண்பத்தாறு, தவக்காலம்.
ஜன்னலுக்கு வெளியே கரியேறிய பனி.
ஸ்டானுக்குக் கண்ணாடி ஆலையில் இரவு ஷிப்ட்.
கர்ட்டின் வாக்மேனைக் கேட்காமல் எடுத்து
சமையல் மேசையில் தட்டச்சுப் பொறியோடு உட்கார்ந்தேன்.

முதல் பாட்டு. ஒன்றும் பிடிபடவில்லை.
பின்னால் ஓட்டினேன். மறுபடி. மறுபடி.
அருவருப்பானதைப் பிழையில்லாமல் எழுத
அதை எத்தனை முறை கேட்க வேண்டியிருக்கிறது!
ஒன்பதாவது தடவை
என் கால் கட்டைவிரல் செருப்புக்குள் தாளம் போட்டது.
அதை அறிக்கையில் சேர்க்கவில்லை.

அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம்
முதல் எழுத்தும் மூன்று கோடும் போட்டேன்.
மூன்றாவது தாள் முடிவதற்குள்
ஓட்டுத்தையல் போட்ட துணி மாதிரி ஆகிவிட்டது பாட்டு.
படிவத்தில் நான்கு கட்டங்கள்:
காமம், வன்முறை, போதை, சாத்தான்.
மளிகைச் சீட்டுக்கு அடிப்பதுபோல்
டிக் அடித்துக்கொண்டே போனேன்.

பதினொன்றரைக்குத் தண்ணீர் குடிக்க வந்தான் கர்ட்.
திருடிபோல் ஹெட்போனைக் கழற்றினேன்.
பதினைந்து வயது, மேலுதட்டில் பூனைமயிர்.
என் தோளுக்கு மேல் குனிந்து வாசித்தான்.
காது சிவந்தது.
"அம்மா, நாலாவது வரி தப்பு."
"பின்னே என்ன?"
சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.
அவன் ஃப்ரிட்ஜைப் பார்த்தான்,
நான் உப்புச்சாடியைப் பார்த்தேன்.
கடைசியில் பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினான்:
முதல் எழுத்து,
பிறகு, மிகக் கவனமாக, மூன்று கோடு.

அவன் தூங்கப் போனபின் கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.
அந்தப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பாட்டு.
மத்தளச் சத்தமே இல்லை.
பேருந்து நிலையத்துத் தொலைபேசியில்
ஒருவன் காசு போட்டுக்கொண்டே இருக்கிறான்.
அம்மா "ஹலோ" என்றதும் வைத்துவிடுகிறான்.
மறுபடி காசு. மறுபடி ஹலோ.
கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை.
நான்கு கட்டத்தையும் பார்த்தேன்,
பேனா எங்கும் இறங்கவில்லை.
அந்தப் பாட்டை நான் தட்டவேயில்லை.
படிவத்தில் இடமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.
அது முழு உண்மை இல்லை.

வெள்ளிக்கிழமை, கோவில் நிலவறை.
மேலே மீன் பொரியும் வாசனை.
பாதிரியார் கூர்ஸ்கி கண்ணாடி போட்டு வாசித்தார்,
ஆறாவது வரியில் கண்ணாடியைக் கழற்றினார்.
யாரோ காப்பிக் கோப்பையைத் தேவையில்லாமல் கலக்கினார்கள்.
"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான்."

மஞ்சள் லேபிள் ஒட்டுவதென்று முடிவாயிற்று.
கடைக்காரர் லைல் மறுப்புச் சொல்லவில்லை.
மே மாதம் இன்னும் இரண்டு சுருள் கேட்டு ஆளனுப்பினார்.
பள்ளிவிட்ட பிள்ளைகள் உறைகளைப் புரட்டுவதே இல்லையாம்,
மஞ்சள் தெரிந்தால் உருவுகிறார்களாம்.
திருமதி ஓல்ஷெவ்ஸ்கி வாரம் முழுக்க யாரோடும் பேசவில்லை.
எனக்கோ, இன்றும் கேட்டால்,
லேபிள் ஒட்டத்தான் வேண்டும் என்பேன்.
விஷப் புட்டியில் மண்டையோடு போடுவதில்லையா?
முதல் பக்கத்துக்கு ஒட்டலாம்.
இரண்டாம் பக்கத்துக்கு என்ன நிறம் என்று
எனக்குத் தெரியவில்லை.

கேசட்டைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.
பாடியவன் பெயரைக் கர்ட்டிடம் கேட்க வெட்கம்.
அந்த வசந்தத்தில்
தொலைபேசி அடித்து, எடுத்தால் எதிர்முனை பேசாமலிருந்தால்
ஸ்டான் "ராங் நம்பர், வை" என்பான்.
நான் வைக்கமாட்டேன்.
இன்னொரு தடவை ஹலோ சொல்வேன்,
காசு தீரும்வரை.